அப்பா சொன்ன எம்.ஜி.ஆரும் அப்பா சொல்லாத எம்.ஜி.ஆரும்

உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் எம்.ஜி.ஆர். படம் ஒன்று கட்டாயம் இருக்கும். வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து சிரித்துக்கொண்டிருப்பார். சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலும் அப்படி ஒரு படம் உண்டு. சாமி மேடைக்குச் சற்றுத் தள்ளி, நாட்காட்டிக்கு மேலே தொங்குகிறது. சிறு வயதில் அது எனக்கு அப்பாவின் சங்கதி, அவ்வளவுதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அப்பா, வெள்ளைத் துணி கட்டித் திறந்தவெளியில் காட்டிய படங்களைப் பார்த்து அவருக்கு ரசிகரானவர். பிறகு பட்டணம் வந்து தொழிற்சாலையில் சேர்ந்ததும், சம்பளம் வாங்கிய கையோடு பத்து ரோடு கொலிசியம் திரையரங்கில் போய் நிற்பாராம்.

அந்தப் படத்தில் இருப்பவரைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது ஒரு விபத்துக்குப் பிறகுதான்.

2016ஆம் ஆண்டு. எஸ்.பி.எம். முடிவு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கல்லூரிக்குப் போகும்வரை கைச்செலவுக்கு ஆகட்டும் என்று ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு விடியற்காலை மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் வந்துகொண்டிருந்தபோது சக்கரம் வழுக்கியது. தலைக்கவசம் போட்டிருந்தேன். ஆனால் வாரைப் பூட்டவில்லை. அது என் தவறு, வேறு யார் மேலும் பழி சொல்ல வழியில்லை. கவசம் ஒரு பக்கம் பறக்க, தலை மறுபக்கம் போய்த் தடுப்பில் மோதியது. கண் விழித்தபோது பத்தொன்பது நாள் கடந்திருந்தது.

உயிர் பிழைத்தேன். வலது கை பாதி போயிற்று, பேச்சு முக்கால்வாசி போயிற்று.

பேச்சு போவது என்றால் தொண்டை கெட்டுப் போவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது மனத்தில் தெளிவாக இருக்கும். தண்ணீர் வேண்டும் என்று நினைப்பேன், வாயிலிருந்து வேறு ஏதோ ஒலி வரும். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். மற்றவர் பேசுவது அந்த மனிதருக்குப் புரியும், ஆனால் பதிலாக டான் என்ற ஓர் ஓசையைத் தவிர வேறெதுவும் சொல்ல வராது. மருத்துவமனையில் அவருக்கு டான் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, இடப்பக்கத்தின் முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்தது. பேச்சைத் தொடுத்து அனுப்பும் இடம் அங்கே இருக்கிறது என்பதை உலகம் அப்படித்தான் அறிந்தது. தலையில் அடிபட்டாலும் அந்த இடம் கெடலாம். பக்கவாதம் வந்து, மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டாலும் கெடலாம்.

இன்னொரு விந்தையும் உண்டு. பேச வராத சிலருக்குப் பாட வரும். பாட்டின் மெட்டைக் கவனிப்பதில் மூளையின் வலப்பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதால், ராகம் போட்டுச் சொற்களை இழுத்துக்கொண்டு வரும் பயிற்சியை 1970களிலேயே அமெரிக்காவில் உருவாக்கினார்கள். எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், உனக்குத் தெரிந்த பாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் விழிக்க, பக்கத்திலிருந்த அப்பா டி.எம்.சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்குப் பாடிய ஒரு பாட்டை மெல்ல எடுத்தார். அப்பாவுக்குச் சுருதி நிற்காது. ஆனால் இரண்டாம் அடியில் என் வாய் அவரோடு சேர்ந்துகொண்டது. நான்கு மாதத்தில் என் வாயிலிருந்து ஒழுங்காக வந்த முதல் சொற்கள் அவை. அப்பா பாட்டை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அப்பா எனக்குத் தினமும் எம்.ஜி.ஆர். கதை சொல்லத் தொடங்கினார். கதை எப்போதும் ஒரே மாதிரி முடியும். எம்.ஜி.ஆருக்கும் மூளையில் பாதிப்பு வந்து பேச்சுப் போயிற்று, அமெரிக்கா போனார், குணமாகித் திரும்பினார், மறுபடி முதலமைச்சர் ஆனார். நீயும் அப்படித்தான் எழுந்து நிற்பாய் என்பது அப்பாவின் கணக்கு. ஆறு மாதம் இந்தக் கதை எனக்கு மருந்தாக இருந்தது. ஒன்றரை வருடம் கழித்தும் விரல்கள் விரியாமல், வாக்கியம் நடுவில் அறுந்துகொண்டே இருந்தபோது அதுவே சுமையாயிற்று. அவரால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை என்று இரவில் படுத்து யோசிப்பேன். போதாததற்கு, வருகிறவர்கள் எல்லாரும் உயிர் மிஞ்சியதற்குக் கடவுளுக்கு நன்றி சொல் என்பார்கள். நன்றி என்ற சொல்லே எனக்கு வராத காலம் அது. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

பிறகுதான் நானாகப் படிக்க ஆரம்பித்தேன். பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடையில் வாங்கியவை, நண்பர்கள் கொடுத்தவை, எல்லாவற்றையும் மெதுவாக, ஒரு பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் இலங்கையில், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். நினைவு தெரிவதற்குள் தந்தை இறந்துபோனார். தாய் சத்தியபாமா பிள்ளைகளுடன் கடல் கடந்து கும்பகோணம் வந்து சேர்ந்தார். அங்கே ஆனையடிப் பள்ளியில் தொடங்கிய படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. வீட்டில் பசி. அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் சோறு கிடைக்கும் என்பதற்காகவே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். இன்று நாம் கலை ஆர்வம் என்று அழகாகச் சொல்கிறோம். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் முதலில் அது மூன்று வேளைச் சாப்பாடு.

1936இல் சதிலீலாவதி படத்தில் ஒரு சிறிய காவல் அதிகாரி வேடம் கிடைத்தது. அதற்குப் பிறகு கதாநாயகனாக ராஜகுமாரி படம் வெளிவர 1947 ஆயிற்று. பதினோரு ஆண்டுக் காத்திருப்பு. மந்திரிகுமாரி, மலைக்கள்ளன், அவரே தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் என்று 1950களில் அவர் பெயர் தமிழ் பேசும் ஊர்களில் எல்லாம் பரவியது. நம் நாட்டு ரப்பர் தோட்டங்களிலும் பரவியது. 1959இல் சீர்காழியில் மேடை நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது கால் எலும்பு முறிந்தது. இனி சண்டைக் காட்சிகளில் நடிக்கமாட்டார் என்று பலர் முடிவு கட்டினார்கள். அவர் திரும்பி வந்து நடித்தார். இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்ததுதான், விரைந்து கடந்துவிடுகிறேன்.

நிற்க வேண்டிய இடம் 1967 ஜனவரி 12.

அன்று மாலை, சென்னை ராமாவரம் தோட்டத்தில் இருந்த அவருடைய வீட்டுக்கு நடிகர் எம்.ஆர்.ராதா ஒரு படத் தயாரிப்பாளருடன் வந்தார். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. குண்டு எம்.ஜி.ஆரின் இடது காதருகே பாய்ந்து கழுத்துக்குள் போனது. ராதாவும் குண்டுக் காயத்துடன் கிடந்தார். இருவரையும் ஒரே மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனார்கள். பின்னர் நீண்ட வழக்கு நடந்து ராதாவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அப்போது தமிழ்நாட்டில் தேர்தல் நேரம். எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதி வேட்பாளர். கழுத்தில் கட்டுடன் படுக்கையில் இருக்கும் புகைப்படம் சுவரொட்டியாகத் தெருத் தெருவாக ஒட்டப்பட்டது. ஒரு கூட்டத்தில்கூடப் பேசாமல் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தி.மு.க. முதல் முறையாக ஆட்சிக்கு வந்தது, அண்ணா முதலமைச்சரானார்.

வெற்றிக் கதை இதோடு முடிந்துவிடும். மனிதரின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இடது காதின் கேட்கும் சக்தி போயிற்று. குரல் மாறிப்போனது. பழைய படங்களையும் 1967க்குப் பிந்தைய படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். முன்பு கணீரென்று இருந்த வசனம் பின்பு சற்று மழுங்கி, மூக்கும் தொண்டையும் கலந்த ஒலியாக வரும். அந்த ஆண்டு வெளியான காவல்காரன் படம் இதற்குச் சரியான சாட்சி. பாதி எடுத்திருந்தபோது அவர் சுடப்பட்டார். அதனால் ஒரே படத்தில் பழைய குரலும் வரும், புதிய குரலும் வரும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடைநிலைப்பள்ளியில் படித்தபோது கலைநிகழ்ச்சி மேடையில் நான் எம்.ஜி.ஆர். குரலில் பலகுரல் செய்திருக்கிறேன். உதட்டைச் சுளித்து, சொற்களை மழுக்கிப் பேசினால் கைத்தட்டல் கூரையைப் பிளக்கும். இன்றும் எல்லா நிகழ்ச்சியிலும் யாராவது அதைச் செய்கிறார்கள். நாம் சிரிக்கும் அந்தக் குரல் அவருடைய இயல்பான குரல் அல்ல. துப்பாக்கிக் குண்டு விட்டுவைத்த குரல். விபத்துக்குப் பிறகு கடைத்தெருவில் ஒரு சிறுவன் என்னைப் போல் பேசிக் காட்டித் தன் நண்பர்களைச் சிரிக்க வைத்தான். அப்போதுதான் எனக்கு என் மேடை நினைவுக்கு வந்தது.

அந்தக் குரலோடு அவர் இன்னும் பத்தாண்டு நடித்தார். அடிமைப்பெண், ரிக்‌ஷாக்காரன், உலகம் சுற்றும் வாலிபன் எல்லாம் குண்டு பட்ட பிறகு வந்தவை. இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது ரிக்‌ஷாக்காரன் படத்துக்குக் கிடைத்தது. குரல் நன்றாக இருந்த காலத்தில் அந்த விருது அவருக்குக் கிடைக்கவில்லை. 1972 அக்டோபர் 17இல் தனிக் கட்சி தொடங்கினார். 1977 ஜூன் 30இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். கூட்டங்களில் இலட்சக்கணக்கானோர் முன்னால் அதே மழுங்கிய குரலில்தான் பேசினார். மக்கள் அதற்குக் காதைப் பழக்கிக்கொண்டார்கள்.

முதலமைச்சராக அவர் செய்தவற்றில் எல்லாவற்றையும் நான் பாராட்ட மாட்டேன். அவர் ஆட்சியைக் குறை சொல்லும் நூல்களையும் படித்திருக்கிறேன், அவற்றில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 1982 ஜூலை 1ஆம் நாள் அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சி என்ற ஊரில் பிள்ளைகளுடன் உட்கார்ந்து தொடங்கிவைத்தார். பள்ளிகளில் மதிய உணவு காமராசர் காலத்திலேயே இருந்தது. அதை மிகப் பெரிதாக விரித்து, பல இலட்சம் குழந்தைகளுக்கு நாள்தோறும் சூடான சோறு என்று ஆக்கியவர் எம்.ஜி.ஆர். பணத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகளும் பொருளாதாரம் படித்தவர்களும் கேட்டார்கள். கும்பகோணத்தில் பசித்துக் கிடந்த பையன் அந்தக் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. இந்தத் திட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி இன்னொன்று பின்னால் வருகிறது.

1984 அக்டோபர் 5ஆம் நாள் அவர் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏற்கெனவே நீரிழிவு இருந்தது. இப்போது சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. சில நாள்களில் பக்கவாதம் தாக்கியது. மூளையில் பாதிப்பு, கூடவே பேச்சும் போயிற்று. 1967இல் கெட்டது குரல். இப்போது கெட்டது சொற்களைக் கோத்து அனுப்பும் இடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். முதலாவதில் சொல் இருக்கிறது, ஒலி சரியில்லை. இரண்டாவதில் சொல்லைத் தேடிப் போகிற வழியே அடைபட்டுவிடுகிறது.

பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்தார். அந்த மாதம் முடிவதற்குள் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 5ஆம் நாள் தனி விமானத்தில் எம்.ஜி.ஆரை அமெரிக்கா கொண்டு போனார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனைவி ஜானகி உடனிருந்தார்.

தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் படம் தொடங்குமுன் ஒளிவிளக்கு படத்தில் பி.சுசீலா பாடிய பிரார்த்தனைப் பாட்டைப் போட்டு, மக்கள் எழுந்து நின்று வேண்டினார்கள். எங்கள் அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தோட்டத்துக் கோயிலில் சிறப்புப் பூசை போட்டதையும், செய்தி நேரத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றதையும் அப்பா இன்னும் சொல்வார்.

டிசம்பர் 19இல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 24இல், தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. ஆண்டிப்பட்டியில் வேட்பாளரான எம்.ஜி.ஆர். தொகுதியில் கால் வைக்காமலே வென்றார், அவருடைய கூட்டணியும் வென்றது. மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் வீடியோவில் எடுத்து ஊர் ஊராகத் திரையிட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் அவர் பேசவில்லை.

1985 பிப்ரவரி 4இல் சென்னை திரும்பினார். பிப்ரவரி 10இல் மூன்றாம் முறையாக முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். அப்பாவின் கதை இந்த இடத்தில் முடியும். நான் படித்த நூல்கள் இங்கே முடியவில்லை.

அவருக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவே இல்லை. சில சொற்கள், சைகை, தலையசைப்பு, எழுதிக் காட்டுவது என்றுதான் அடுத்த மூன்றாண்டு போயிற்று. அவர் சொல்வதை அருகில் இருப்பவர்கள் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்வார்கள். ஒரு காலத்தில் வசனத்தாலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர், மேடையில் கையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். நடுவில் மீண்டும் அமெரிக்கா சென்று சிகிச்சை எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்டவர் ஆட்சி நடத்தலாமா, முடிவுகளை எடுப்பது உண்மையில் யார் என்ற கேள்விகள் அன்றே எழுந்தன. தவறான கேள்விகள் என்று என்னால் சொல்ல முடியாது. அவரைச் சுற்றி இருந்தவர்கள் அவருடைய நிலைமையை ஒளித்தும் மறைத்தும் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் முதல் வேலை நேர்காணலுக்குப் போனபோது வலது கையை முழுநேரமும் காற்சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் படித்த அன்று எனக்கு அப்பாமேல் கடும் கோபம். சொற்கள் கிடைக்காததால் புத்தகத்தைத் தூக்கி அவர் மடியில் போட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அலமாரிக்கு மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே 1985, 1986, 1987ஆம் ஆண்டு நாளிதழ் நறுக்குகள். எம்.ஜி.ஆருக்குப் பேச்சு வரவில்லை என்ற செய்திகளும் அவற்றில் இருந்தன. அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முழுக் கதையைச் சொன்னால் நான் பயிற்சியை விட்டுவிடுவேனோ என்று பயந்து பாதியோடு நிறுத்தியிருக்கிறார். என்னைக் கவனிக்கவென்று அவர் இரண்டு ஆண்டு கூடுதல் நேர வேலையை எல்லாம் விட்டுவிட்டிருந்ததும் அந்த வாரத்தில்தான் அம்மா சொல்லித் தெரிந்தது.

அப்பா நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. எம்.ஜி.ஆர். முழுதாகக் குணமாகவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பாரம் இறங்கியது. திரும்பி வராத பேச்சோடு ஒருவர் ஆயிரம் நாளுக்கு மேல் அலுவலகம் போய் வந்திருக்கிறார். அப்படியானால் நானும் முதலில் பழைய ஆளாக மாற வேண்டும், அதற்குப் பிறகுதான் வாழ்க்கை என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வாரமே ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பித்தேன். இரண்டு வருடமாக வேண்டாம் என்று தள்ளிப்போட்டது அது. இடது கையால் எழுதக் கற்றேன். இந்தக் கட்டுரையும் இடது கையால் தட்டச்சு செய்ததுதான், பதினோரு நாள் ஆயிற்று.

இனி அந்த இன்னொன்றுக்கு வருகிறேன்.

சிறுநீரகம் யார் கொடுத்தது என்று எம்.ஜி.ஆருக்கு முதலில் சொல்லவில்லை என்று லீலாவதி பின்னாளில் பேட்டிகளில் தெரிவித்திருக்கிறார். பின்னர்தான் அவருக்குத் தெரிய வந்தது. இதைப் படித்ததும் நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அண்ணன் மகள் தன் உடலில் ஓர் உறுப்பை அறுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை அறியும் நேரத்தில் அவரிடம் பேச்சு இல்லை. எத்தனையோ படங்களில் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லி வசனம் பேசியவர். எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

1987 ஜனவரியில், எழுபது வயது நிறைந்த மறுநாள், எம்.ஜி.ஆர். உயில் எழுதினார். அதில் ராமாவரம் தோட்டத்தின் ஒரு பகுதியை, காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கான இல்லத்துக்கும் பள்ளிக்கும் என்று ஒதுக்கினார். குண்டு பட்டுக் காதும் குரலும் கெட்டது அதே தோட்டத்து வீட்டில்தான். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு இல்லாமல் வாழ்ந்ததும் அங்கேதான். அவர் மறைந்த பிறகு 1990இல் அங்கே பள்ளி தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, கட்டணம் இல்லாமல் படிக்கிறார்கள். எத்தனையோ நல்ல காரியங்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கலாம். பசித்திருந்தவர் சோறு போட்டார், பேச்சிழந்தவர் பேச்சில்லாத பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார். தனக்குக் கிடைத்ததை, தான் நின்ற அதே இடத்தில் நிற்கிற இன்னொருவருக்குக் கொடுப்பது அவருடைய நன்றி சொல்லும் முறை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் கணிப்புதான். உயிலில் அவர் காரணம் எழுதியிருந்தாரா என்று தேடிக்கொண்டு போக எனக்குத் தோன்றவில்லை.

1987 டிசம்பர் 21இல் சென்னை கத்திப்பாராவில் நேரு சிலை திறப்பு விழா. பிரதமர் ராஜீவ் காந்தியுடன் எம்.ஜி.ஆரும் மேடையில் இருந்தார். அதுவே அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. மூன்றாம் நாள், டிசம்பர் 24 அதிகாலை, ராமாவரம் வீட்டில் உயிர் பிரிந்தது. சென்னை மெரினா கடற்கரையில், அண்ணா சமாதிக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருதை அறிவித்தது. தோட்டத்தில் அன்று யாரும் வேலைக்கு இறங்கவில்லை என்று அப்பா சொல்வார்.

எனக்கு இப்போது இருபத்தேழு வயது. ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பேச்சு பாதிக்கு மேல் திரும்பியிருக்கிறது, தொலைபேசி மட்டும் இன்னும் பயம். சனிக்கிழமைகளில் கிள்ளானில் ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போகிறேன். அப்பாதான் காரில் கொண்டு விடுவார். போன மாதம் அங்கே ஒரு பையன் வந்தான். பதினேழு வயது, அவனும் மோட்டாரிலிருந்து விழுந்தவன். பழையபடி எப்போது ஆவான் என்று அவனுடைய அப்பா என்னிடம் கேட்டார். எனக்குப் பத்து வருடம் ஆகப் போகிறது, கை இன்னும் இப்படித்தான் இருக்கிறது என்று தூக்கிக் காட்டினேன். மனிதருடைய முகம் வாடிவிட்டது. ஆனால் பையன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு எம்.ஜி.ஆர். பாட்டெல்லாம் தெரியாது. கைப்பேசியில் அவனுக்குப் பிடித்த ஒரு புதுப் படப் பாட்டைப் போட்டேன். மூன்றாம் முறை போட்டபோது உதடு அசைந்தது. வாசலில் நின்றிருந்த அப்பாவும் உள்ளே வந்து, தெரியாத அந்தப் பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தார்.